ஏணைக்கு இரவல் போன பிள்ளை

"எங்க புள்ள அழவே அழாதுங்க, போட்ட எடத்துல கெடக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொல்கிறவர் மேல் தப்பில்லை. அது உண்மையிலேயே சமர்த்துப் பிள்ளையாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நான் உடனே அந்தப் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன், கடைசியாக எப்போது வெளிக்குப் போனது என்று கேட்பேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டுகூடக் கேட்டிருக்கிறேன். சங்கராபுரத்தில் என் சொந்தக்காரப் பெண்கள் கைக்குழந்தையோடு என் பக்கம் வருவதில்லை. இந்தக் கெட்ட பழக்கம் எனக்குப் பாப்பாத்தியிடமிருந்து வந்தது.

நான் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற ஆசிரியை. பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித்தர வேண்டும். கல்வராயன் மலையில் என் பங்குக்கு வந்த ஊர்களில் ஒன்று நாவக்காடு. வெள்ளிமலையிலிருந்து வண்டியில் போய், தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மரவள்ளிக்காட்டு வரப்பில் நடந்தால் ஊர் வரும். கடைசி வீடு பாப்பாத்தியுடையது. வாரம் ஒருமுறை போகிறேன். அவள் மகன் அஜய் என் மாணவன். எட்டு வயது ஆகப்போகிறது. பந்தை உருட்டினால் திருப்பி உருட்டுவான். பசித்தால் தட்டைக் கொண்டுவந்து நீட்டுவான். பேச்சு வராது.

பாப்பாத்தி இதே மலைக்காரி. அடுத்த சரிவில் பிறந்து, சொந்த அத்தை மகன் இளவரசனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாமியார் சாமியம்மாள் அவளுடைய அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. "என்னைப் பொண்ணு கேட்டு யாரும் வரவே இல்ல டீச்சர். பொறக்கும்போதே இந்த வூட்டுக்குனு முடிச்சிட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். வீட்டுக்குக் கொஞ்சம் சாமைக்காடும் மரவள்ளிக்காடும் உண்டு. அது சாப்பாட்டுக்கே இழுபறி. அதனால் இளவரசன் மழை விட்டதும் கர்நாடகாவில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். மலையில் பாதி ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு.

அஜய் வீட்டிலேயே பிறந்தான். வலி எடுத்த வேகத்தில் ஜீப்புக்குச் சொல்லி அனுப்பிய ஆள் திரும்பி வருவதற்குள் பிள்ளை வெளியே வந்துவிட்டது. உப்பிய கன்னம், பெரிய வயிறு, தலை நிறைய முடி. பார்த்தவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறான் என்றார்கள். பால் குடித்தான், தூங்கினான். எழுப்பினால் குடித்தான், மறுபடி தூங்கினான். அழுதால் தொண்டை கட்டியதுபோல லேசாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு நல்ல பதில் இருந்தது. கைகால் சில்லென்று இருந்தது: குளிர்ந்த உடம்பு, நோய் அண்டாது. நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளியே போனான்: தாய்ப்பால் அப்படியே சதையாகப் பிடிக்கிறது. தொப்புள் பிதுங்கியிருந்தது: அதன்மேல் காசை வைத்துத் துணியால் கட்டினார்கள். நாக்கு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது: பழிப்புக் காட்டுகிறான், குறும்புக்காரன். இந்தப் பதில்களில் ஒன்றுகூடக் கெட்ட மனதோடு சொன்னதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மலையில் களை எடுப்பதும் அறுப்பதும் கைமாற்று வேலை. இன்றைக்கு உன் காட்டில் நான், நாளைக்கு என் காட்டில் நீ. கைக்குழந்தைக்காரிகளைக் கூட்டுச் சேர்க்க மற்றவர்கள் யோசிப்பார்கள், பிள்ளை அழுதால் பாதி வேலையில் ஓடவேண்டும். பாப்பாத்தியை மட்டும் முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். அவள் மரக்கிளையில் சேலையைக் கட்டி ஏணையாக்கி அதில் அஜயைப் போட்டால், வெயில் சாய்கிறவரை ஒரு சத்தம் வராது. "உன் வவுத்துல பொறந்தது புள்ளயில்லடி, சாமி" என்று பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் சொன்னாளாம். குஞ்சம்மாளுக்கு அப்போது மூத்த பெண் வயிற்றில் இருந்தாள்.

நாவக்காட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகப் பிறந்த பிள்ளையை முதன்முதலில் ஏணையில் போடுவதற்கு முன்னால், ஊரிலேயே நல்ல பிள்ளை என்று பேர் எடுத்த ஒரு பிள்ளையை அந்த ஏணையில் போட்டு, கொஞ்சம் ஆட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். முதலில் கிடந்த பிள்ளையின் குணம் சேலையில் தங்கி, பின்னால் வருகிற பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. குஞ்சம்மாள் மூத்தவளைப் பெற்றதும் அஜயை இரவல் கேட்டு ஆள் வந்தது. பாப்பாத்தி அவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பினாள். திரும்பி வரும்போது அவன் இடுப்புத் துணியில் ஒரு துண்டு வெல்லம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அஜயைத் தேடி வந்தார்கள்.

"ஊரே என் புள்ளய எரவல் கேட்டு வந்திச்சி டீச்சர். எனக்கு எவ்ளோ பெருமையா இருந்திச்சி தெரியுமா?" என்றாள் பாப்பாத்தி. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையின் மேல் கண் படாமல் இருக்குமா? சாமியம்மாளுக்கு அதுதான் கவலை. அங்கன்வாடிக்குக் குழந்தைகளைப் பரிசோதிக்கிற வண்டி அவ்வப்போது வரும். டாக்டர் வருவார், நர்ஸ் வருவார், எடை போடுவார்கள், தலைச் சுற்றளவு பார்ப்பார்கள். வண்டி வருகிறது என்று தெரிந்தால் சாமியம்மாள் அஜயைத் தூக்கிக்கொண்டு காட்டுக் கொட்டாய்க்குப் போய்விடுவாள். மலைக்குக் கீழே இருந்து வரும் கீழ்நாட்டுக்காரர்கள் கொழுத்த பிள்ளையைத் தராசில் உட்காரவைத்து எண்ணைச் சத்தம்போட்டுச் சொன்னால் பிள்ளை இளைத்துவிடும் என்பது அவள் பயம். நோஞ்சான் பிள்ளைகளை எல்லாம் ஊர் வரிசையில் நிறுத்தியது. வரிசையில் முதலில் நிற்கவேண்டிய பிள்ளை கொட்டாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு வயதானது. அஜய் உட்காரவில்லை. இரண்டு வயதானது. பிடித்து உட்காரவைத்தால் சாய்ந்தான். பல் அப்போதுதான் முளைத்தது. "ஆம்பள புள்ள மெதுவாத்தான் நடக்கும். உன் மாமனாரும் அப்படித்தானாம்" என்றாள் சாமியம்மாள். மாமனார் செத்து ரொம்ப நாள் ஆயிற்று, யாரிடம் போய்க் கேட்பது? கரியராமன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்கள். இளவரசன் ஊருக்கு வந்தபோது கச்சிராயபாளையத்தில் மருந்துக்கடையில் சொல்லி ஒரு சத்து டானிக் வாங்கி வந்தான். அது தீர்ந்ததும் இன்னொன்று வாங்கினான்.

அந்தச் சமயத்தில் குஞ்சம்மாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஏணை போடுகிற நாள் காலையில் பாப்பாத்தி அஜயைக் குளிப்பாட்டினாள். புதுச் சட்டை போட்டாள், பொட்டு வைத்தாள். பெரிய பிள்ளையாகிவிட்டான், தூக்கிக்கொண்டு போக ஆள் கஷ்டப்படுமே, நாமே கொண்டுபோய் விடலாமா என்றுகூட நினைத்தாளாம். ஆனால் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குஞ்சம்மாளின் தங்கை இவள் வாசலைத் தாண்டிப் போனாள். இவளைப் பார்த்ததும் அவள் நடை வேகமாயிற்று.

"உன் புள்ளைக்கு இன்னாவோ இருக்குதுடினு ஒருத்தரும் சொல்லல டீச்சர். கேட்டு வர்றத மட்டும் நிறுத்திட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது" என்றாள். அன்று அவள் அஜயின் சட்டையைக் கழற்றவில்லையாம். சாயந்திரம்வரை அவனை மடியில் போட்டுக்கொண்டு, அவன் கண்ணை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

தெரிந்துவிட்டது, சரி. தெரிந்து என்ன செய்வது? தெரிந்ததை வெளியே சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம் எனக்குப் புரியாததில்லை, என்னிடம் வருகிற அம்மாக்கள் எல்லாருக்கும் அது உண்டு. வாயாடி பாப்பாத்தி அந்த விஷயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. அஜய்க்கு நாலு வயது நெருங்கிவிட்டது. அவளுக்கு வயிற்றில் இரண்டாவது தங்கியது. மாசப் பரிசோதனைக்கு வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சாமியம்மாளுக்குக் காய்ச்சல். அஜயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். இந்தக் கதை திசை திரும்பியது சாமியம்மாளின் காய்ச்சலால்தான்.

அங்கே இருந்த நர்ஸ் இலக்கியா பாப்பாத்தியின் ரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடிக்கும்போது, அஜயின் கை அவள்மேல் பட்டது.

"இன்னாக்கா, புள்ள கை இப்படி சில்லுனு கெடக்குது?"

"அவனுக்கு எப்பவும் அப்படித்தாங்க. குளுந்த ஒடம்பு."

இலக்கியா சிரிக்கவில்லை. உள்ளே போய் டாக்டரை அழைத்து வந்தாள். அஜயைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ரத்தம் எடுத்து, முடிவு வந்து, குழந்தை மருத்துவர் முன்னால் உட்கார்ந்தபோது இளவரசனும் உடன் இருந்தான். அந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வரிசையாகக் கேள்வி கேட்டார். பிறந்தபோது ரொம்பத் தூங்கினானா? அழுகை கம்மியா? எழுப்பி எழுப்பிப் பால் கொடுத்தீர்களா? போட்ட இடத்தில் கிடந்தானா? பாப்பாத்தி ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்று முகம் மலரத் தலையாட்டினாள். நல்ல பிள்ளையா என்று கேட்கிறார்கள், எல்லாவற்றிலும் நம் பிள்ளை தேறுகிறான் என்று நினைத்துக்கொண்டாளாம். இதை அவள் என்னிடம் சொன்ன அன்று நான் பாடம் எடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "கழுத்துல தைராய்டுனு ஒரு சுரப்பி இருக்கும்மா. அது சுரந்தாத்தான் உடம்பும் மூளையும் வளரும். இவனுக்குப் பிறந்ததுல இருந்தே அது சுரக்கல. அதனாலதான் அவ்வளவு தூக்கம். அதனாலதான் அழல."

"மருந்து இருக்குதுங்களா?"

"இருக்கு. தினம் காலையில ஒரு மாத்திரை. பாசிப்பருப்பு அளவுதான் இருக்கும்."

பாப்பாத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதானா என்று இளவரசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிறந்த ஒரு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சிருந்தா மத்த பிள்ளைங்க மாதிரியே இருந்திருப்பான்" என்றார் டாக்டர். "இப்ப குடுத்தா உடம்பு தேறும். உயரமாவான். நடக்கவும் செய்வான்னு நினைக்கிறேன். ஆனா மூளை வளர்ற காலம் அந்த முதல் ரெண்டு மூணு வருஷம்தாம்மா. போனதைத் திருப்பிக் குடுக்க எங்ககிட்ட மருந்து இல்ல."

பிறகு பாப்பாத்தியின் வயிற்றைக் காட்டிக் கேட்டார். "சொந்தத்துல கட்டினீங்களா?" ஆமாம் என்றார்கள். "அப்ப இதுக்கும் வரலாம். வராமலும் போகலாம். பிறந்து மூணு நாள் ஆனதும் இங்க கொண்டுவந்து ரத்தம் பாத்துடுங்க. தள்ளிப்போடாதீங்க. பச்சைப் பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம்."

அன்றிலிருந்து பாப்பாத்திக்கு ஒரே ஒரு வேலைதான் உலகத்தில் பாக்கி இருந்தது: வயிற்றில் இருக்கிறதை நேரத்தோடு மலை இறக்குவது.

மாத்திரை அஜயிடம் வேலை செய்தது. தோல் சூடானது. வயிறு இளகியது. முடி மிருதுவானது. உட்கார்ந்தான், தவழ்ந்தான். ஊர் இதை எல்லாம் பார்த்தது. ஆனால் ஊர் வேறு ஒன்றையும் பார்த்தது. ஆஸ்பத்திரிச் செய்தி தெரிந்த மறுநாளே குஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"உன் புள்ளையத்தானடி என் மூத்தவளுக்கு முன்ன ஏணையில போட்டு எடுத்தோம்? அவ இன்னும் ரெண்டு வார்த்தைதான் பேசுறா. அந்தப் பாவம் யார் தலையில?"

குஞ்சம்மாளின் மூத்தவளுக்கு ஒன்றுமே இல்லை, இன்று பள்ளிக்கூடத்தில் அவள் வாயை மூடத்தான் ஆள் தேடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு அஜயை இரவல் வாங்கிய அத்தனை வீடுகளும் தங்கள் பிள்ளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டன. கைமாற்று வேலைக்குப் பாப்பாத்தியைக் கூப்பிடுவது நின்றது. தன் காட்டுக் களையை அவளே வயிற்றைத் தூக்கிக்கொண்டு எடுத்தாள். எனக்கு அந்த ஊர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அந்த ஏணைப் பழக்கத்துக்கு நல்ல காலத்தில் அவனே வேண்டும், கெட்ட காலத்தில் பழிபோடவும் அவனே வேண்டும்.

வீட்டுக்குள் இன்னொரு சங்கடம். சாமியம்மாளின் கடைசி மகள் சங்கவிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்து ரத்தத்திலேயே கோளாறு என்று பேர் வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? சாமியம்மாள் கெட்டவள் இல்லை. அஜயை முதுகு வலிக்கத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் நல்லவர்கள் செய்கிற காரியம் கெட்டவர்கள் செய்வதைவிட மோசமாகிவிடுகிறது.

பெண் குழந்தை வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் பிறந்தது. தமிழ்ப்ரியா என்று பேர் வைத்தார்கள். இளவரசன் கர்நாடகாவில் இருந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது இலக்கியா மறுபடி ஞாபகப்படுத்தினாள்: "அக்கா, நேரா கள்ளக்குறிச்சி. வேற எதையும் யோசிக்காத." ஆனால் சாமியம்மாள் ஜீப்பை ஊருக்கு விடச் சொன்னாள். தீட்டுக் கழியாமல் பச்சை உடம்போடு மலை இறங்கக்கூடாது, பிள்ளை எங்கே ஓடிவிடப்போகிறது, தீட்டுக் கழிந்ததும் போகலாம் என்றாள். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று பாப்பாத்தி புருஷனுக்குப் போன் போட்டாள். "அம்மா சொல்றாப்ல கேளேன். நான் வந்து இட்டுனு போறேன்" என்றான் அவன்.

பாப்பாத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தமிழ்ப்ரியா குடித்தாள், தூங்கினாள். கன்னம் உப்பலாக இருந்தது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். கை சில்லென்று இருந்தது. ஆனால் மலையில் அப்போது பனி. எதுவும் நிச்சயமில்லை. அழுதால் போதும், ஊர் கேட்க ஒருதரம் அழுதால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். சாமியம்மாள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, பெற்ற பிள்ளையின் தொடையில் கிள்ளினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. தொண்டை கட்டியதுபோல லேசாக ஒரு சத்தம் வந்தது. பிறகு மறுபடி தூங்கிவிட்டது. பாப்பாத்தி இன்னும் அழுத்திக் கிள்ளினாள். சிவந்த இடத்தைத் தடவிக்கொண்டே மறுபடியும் கிள்ளினாள்.

சாமியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பேத்தியை எட்டிப் பார்த்தாள். "ஐயே, எவ்ளோ சமத்தா கெடக்குது பாரு. போட்ட எடத்துல..." என்று சொல்ல ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தை அவளுக்கே கேட்டுவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாப்பாத்தி எழுந்து சேலையை இறுக்கிக் கட்டினாள்.

"ரத்தம் கெட்ட வூடுனு பேராயிடும்டி" என்றாள் சாமியம்மாள். குரலில் பலமில்லை.

"ஆவட்டும் அத்த. அந்த ரத்தந்தான் எனக்கும் ஓடுது. உன் தம்பி மவதான நானு?"

சின்னதைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, அஜயை இடுப்பில் தூக்கினாள். வாசலைத் தாண்டும்போது சாமியம்மாள் பின்னாலேயே வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து பாப்பாத்தி திரும்பவில்லை. "இவன எதுக்குத் தூக்கிக்கினு போற? பச்ச ஒடம்பு, இடுப்பு வுட்டுடும். குடு" என்று சாமியம்மாள் அஜயை வாங்கிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்த சம்மதம் அவ்வளவுதான்.

வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு யாராவது ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தார்கள். தமிழ்ப்ரியா தூங்கினாள். கோமுகி அணை தெரிகிறபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளையின் முகத்தை விலக்கிப் பார்த்தாள். "எம்மாடி, இந்த ஆட்டத்துல கூட அழல பாரு. கொடுத்து வச்சவம்மா நீ" என்றாள்.

"அக்கா, உன்னக் கும்புட்டுக் கேக்குறேன். அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத" என்றாள் பாப்பாத்தி. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பிள்ளை அப்போதும் விழிக்கவில்லை.

ரத்தத்தில் அதுவேதான். அண்ணனுக்கு இருந்தது தங்கைக்கும் இருந்தது. ஆனால் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே டாக்டர் அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தார். பொடித்து, தாய்ப்பாலில் ஒரு சொட்டுக் கலந்து, சங்கில் கொடுக்கக் காட்டிக் கொடுத்தார். "நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார். நல்ல நேரம் என்ற சொல் பாப்பாத்தியின் நெஞ்சில் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒரு சாயந்திரம், அடுப்பு மூட்டுகிற நேரத்தில், தமிழ்ப்ரியா அழுதாள். சும்மா அழுகை இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த வீறல். பக்கத்து வீட்டிலிருந்து குஞ்சம்மாள் கத்தினாள்: "இன்னாடி பாப்பாத்தி, புள்ளயப் போட்டு அடிக்கிறியா?" அந்த வீட்டோடு பேச்சு நின்று பல மாதம் கழித்து வந்த முதல் பேச்சு அது.  பாப்பாத்தி பிள்ளையைத் தூக்கவில்லை. "அள்ளி எடுக்கத் தோணல டீச்சர். கேட்டுக்கினே இருந்தேன்" என்றாள். எவ்வளவு நேரம் கேட்டாளோ, திரும்பிப் பார்த்தபோது அஜய் தவழ்ந்து வந்து, ஏணையின் தொங்கலைப் பிடித்து இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

இங்கே கதையை முடித்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். அம்மாக்களைக் கூட்டிப் பேசுகிற கூட்டங்களில் இதுவரைதான் சொல்கிறேன். ஆனால் பாப்பாத்தி உண்மையில் உடைந்து போனது இதற்குப் பிறகுதான். தமிழ்ப்ரியா குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள், நடந்தாள், "அம்மா" என்றாள். ஒவ்வொன்றும் அதனதன் மாதத்தில் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும், அஜயிடமிருந்து என்னவெல்லாம் போயிற்று என்று அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதுவரை மொத்தமாக ஒரு துக்கமாக இருந்தது, இப்போது பிரித்துப் பிரித்து வந்தது. மகள் "அம்மா" என்ற அன்று அவள் வீட்டுக்குப் பின்னால் போய் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். தேடிப் போன சாமியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாளாம். யாரும் யாரையும் தேற்றவில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். முதல் நாளே என்னிடம் கேட்டாள்: "மாத்திரய ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தா இவனுக்குப் பேச்சு வருமா டீச்சர்?" வராது, ஆபத்து என்றேன். நான் போனபின் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளை நெஞ்சு படபடவென்று அடிக்க, வேர்த்துக் கொட்ட, தூக்கமில்லாமல் தவித்திருக்கிறான். இலக்கியா திட்டித் தீர்த்தாள். அதன்பிறகு அளவு மாறவில்லை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அவனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி சின்ன வெள்ளை மாத்திரை.

சங்கவிக்கு ஒரு வழியாகக் கல்யாணம் ஆயிற்று, சொந்தத்தில் இல்லை. ஊரில் இப்போது அழாத பிள்ளை பிறந்தால் பயப்படுகிறார்கள். வண்டி வரும் நாளில் யாரும் கொட்டாய்க்கு ஓடுவதில்லை. போன வருஷம் குஞ்சம்மாளே தன் அண்ணன் பேரனைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலைக்கு ஓடினாள். நல்லதுதான். ஆனால் ஊர் இதைக் கற்றுக்கொள்ள ஒரு அஜய் தேவைப்பட்டான் என்பதை என்னால் நல்லது என்று சொல்ல முடியவில்லை.

போன மாதம் ஒருநாள் வெள்ளிமலையிலேயே தங்கியிருந்ததால் காலையிலேயே நாவக்காட்டுக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் இரண்டும் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பாத்தி இருவருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு எனக்கு டீ போடத் திரும்பினாள். தமிழ்ப்ரியாவுக்கு மூன்றரை வயது. வாய் ஓயாது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா திரும்பியதும், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த மாத்திரையை விரலால் எடுத்து, அண்ணன் வாயைத் திறந்து உள்ளே போட்டாள்.

நான் கத்தினேன். பாப்பாத்தி திரும்பினாள்.

"அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாத்திரதானம்மா?" என்றாள் தமிழ்ப்ரியா. பயப்படவே இல்லை. "என்னுதும் அவன் தின்னா அவனும் பேசுவான் இல்ல?"

பாப்பாத்தி அஜயின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் வாய் திறந்தபடி அவளைப் பார்த்தான். மாத்திரை கரையாமல் நாக்கின்மேல் கிடந்தது. அவள் கை அங்கேயே நின்றது. அவளும் அதைத்தான் நினைத்துப் பார்த்தவள், கொடுத்தும் பார்த்தவள். மகளிடம் என்ன சொல்வாள்? 

பிறகு அவள் விரலை விட்டு மாத்திரையை எடுத்தாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். தமிழ்ப்ரியாவின் தாடையைப் பிடித்து நாக்கின்மேல் வைத்தாள்.

"இது உன்து. முழுங்கு" என்றாள்.

தமிழ்ப்ரியா விழுங்கினாள். அஜய் இன்னும் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தான்.